இருளர் கல்வியும் பாம்புக்குப் பாலும்

கேளம்பாக்கத்திலிருந்து உப்பளங்களைத் தாண்டிக் கோவளம் போய், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி என்கிற ஊர் வரும். அங்குள்ள முதலைப் பண்ணையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜனங்கள் கூட்டங்கூட்டமாய்ப் போகிறார்கள். அந்தப் பண்ணைக்குள்ளேயே ஒரு பக்கத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அது 1978 ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்கிற நாலு ஜாதிப் பாம்புகளை (பாம்பில் ஜாதியுண்டு என்பதை நாம் ஒப்புக் கொள்ளுகிறோம்) இருளர்கள் பிடித்து வந்து, மண் பானைகளில் வைத்து, சில வாரங்களுக்கு வாரம் ஒரு முறை விஷத்தை எடுத்துக் கொண்டு, வயிற்றுச் செதிளில் ஓர் அடையாளம் செய்து, மறுபடியும் காட்டிலேயே விட்டு விடுகிறார்கள். அந்த விஷம் தூளாக்கப்பட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அவர்கள் அதைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்து, பாம்புக் கடிக்கு மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் தயாராகிற விஷமுறிவு மருந்தில் பெரும் பாகத்துக்கு வேண்டிய விஷம் இந்தச் சங்கத்திலிருந்துதான் போய் வந்திருக்கிறது.

இந்த மருந்தின் அவசியம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு சொல்லுகிறோம். 2020 ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். வயலில் கால் வைக்கிறவன், வரப்பில் படுக்கிறவன், இருட்டில் செருப்பில்லாமல் நடக்கிறவன் ஆகியவர்களே சாகிறார்கள். மச்சு வீட்டில் குளிர்ந்த அறையில் படுக்கிறவன் பாம்பு கடித்துச் செத்தான் என்று நாம் அதிகமாகக் கேள்விப்படுவதில்லை. ஆகவே பாட்டாளி மக்களின் உயிரைக் காப்பாற்றுகிற மருந்துக்கு மூலாதாரம், பாட்டாளிகளிலும் கடைசிப்படியில் நிறுத்தப்பட்டிருக்கிற ஒரு கூட்டத்தாருடைய கையில் இருக்கிறது.

இது ஒருபுறமிருக்க, நம் ஊர்களில் பாம்பு விஷயமாக நடக்கிற மற்றொரு காரியத்தையும் பார்க்க வேண்டும். எந்த ஊரிலும் ஒரு புற்று இருந்தால் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சேலை கட்டி, பாலும் முட்டையும் ஊற்றுகிறார்கள். பாம்பு பாலைக் குடித்துப் பிழைக்கிற பிராணியல்ல. எலியையும் தவளையையும் தின்று பிழைக்கிற பிராணி. புற்றையும் அது கட்டவில்லை. கறையான் கட்டிய வீட்டில் குடியேறிக் கொள்ளுகிறது. (உழைக்காமல் குடியேறுகிறவர்களைக் கும்பிடுவது நமது ஜனங்களுக்குப் பழக்கமானதால் இதில் ஆச்சரியமில்லை.) இந்த சங்கதிகளை எல்லாம் இருளர் வீட்டு ஆறு வயதுப் பிள்ளை சொல்லும். ஆனால் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பதற்கு நமது பக்தர்களுக்கு மனம் வராது. பாம்பைக் கும்பிடுகிறவன் நல்ல ஜாதி, பாம்பை அறிந்தவன் ஈன ஜாதி! பாம்புக்குப் பால் ஊற்றுகிறவன் புண்ணியவான், பாம்பின் விஷத்தை எடுத்து உயிர் பிழைக்க வைக்கிறவன் எலி தின்கிறவன்! இதைவிடத் தலைகீழான நியாயம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று கேட்கிறோம்.

இருளர்களை (நம் பக்கத்தில் வில்லியர் என்றும் சொல்லுவதுண்டு) காட்டுமிராண்டிகள் என்று நினைத்துக் கொண்டிருக்கிறவர்கள் ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். இருளன் பாம்பு பிடிப்பது மகுடியாலும் அல்ல, மந்திரத்தாலும் அல்ல. தரையில் கிடக்கிற தடத்தைப் பார்க்கிறான். எச்சத்தைப் பார்க்கிறான். உரித்துப் போட்ட சட்டையைப் பார்க்கிறான். வளையின் வாயில் மண் புதிதாகத் தேய்ந்திருக்கிறதா, பழையதா என்று பார்க்கிறான். பிறகுதான் கடப்பாரையை எடுக்கிறான். கண்ணால் பார்ப்பது, முன் அனுபவத்தோடு ஒத்துப் பார்ப்பது, ஒரு முடிவுக்கு வருவது, அந்த முடிவு சரியா தப்பா என்று தோண்டிப் பார்ப்பது ஆகிய இந்த நாலு காரியத்துக்குத்தான் சீமையில் விஞ்ஞானம் என்று பெயர். தப்பினால் உயிர் போய்விடும் என்கிறபடியால், இந்தப் பரீட்சையில் புரட்டுக்கு இடமே இல்லை. பஞ்சாங்கக்காரன் சொன்னது பொய்த்தால் அவனுக்குத் தட்சணை குறையாது. இருளன் நினைத்தது பொய்த்தால் அவன் குடும்பம் தெருவில் நிற்கும். ஆகவே எந்த அறிவு சோதனைக்கு உட்பட்ட அறிவு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அறிவின் யோக்கியதையை வெளிநாட்டார் ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்துச் சதுப்புக் காட்டில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள பிராணிகளையெல்லாம் தின்று தீர்த்து வருகின்றன. 2016 ஆம் வருஷத்தில் அந்த சர்க்கார் ஒரு மாத காலம் வேட்டைப் போட்டி வைத்து, ஆயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுத்துத் தேடியும் பிடிபட்டவை 106 பாம்புகள்தான். அடுத்த வருஷம் ஜனவரியில் நம் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களான தோழர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே அழைக்கப்பட்டார்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் இவர்கள் கண்டுபிடித்த மலைப்பாம்புகள் 13. ஆயிரம் பேர் எங்கே, இரண்டு பேர் எங்கே! பின்னர் 2023 ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். கொடுத்தது சரி, நாமும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் இருவருக்கு விருது கொடுத்து விட்டதனாலேயே அந்த இரண்டு லட்சம் ஜனங்களுக்கும் செய்ய வேண்டியதைச் செய்து விட்டதாக யாரும் நினைத்துக் கொள்ளக் கூடாது.

எப்படியெனில், 2011 ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடி மக்கள் 7,94,697 பேர். அதில் இருளர்கள் 1,89,661 பேர். மாகாணம் முழுமைக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 80 பேர் என்றால், பழங்குடிகளில் 100க்கு 54 பேர்தான். அவர்களில் பாதிக்குப் பாதி பேருக்குக் கொஞ்சம் குறைவான தொகையினர் எழுத்து வாசனை இல்லாதவர்கள். எழுத்துத் தெரியாதவன் கதி என்ன ஆகும்? 2019 ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களில் அடிமைகளாகக் கிடந்த 42 இருளர்களை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் ஒரு வயோதிகர் வந்த அதிகாரியின் காலில் விழுந்து கிடந்த படத்தைப் பத்திரிகைகளில் எல்லோரும் பார்த்திருக்கலாம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 ஆம் வருஷத்துச் சட்டம். அது வந்து 43 வருஷம் கழித்தும் ஒரு மனிதன் சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்குத் தன் பெண்டு பிள்ளைகளோடு அடிமையாய்க் கிடக்கிறான் என்றால், அவனுக்குக் கணக்குப் போடவும், எழுதியிருப்பது என்ன என்று வாசிக்கவும் தெரியாதபடி இந்த சமூகம் வைத்திருந்ததுதானே காரணம்? பாம்பின் தடத்தைப் படிக்கத் தெரிந்த மனிதனுக்கு முதலாளியின் சீட்டைப் படிக்கத் தெரியவில்லை. முன்னதை அவன் தகப்பன் சொல்லிக் கொடுத்தான். பின்னதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

நிற்க, சில தினங்களுக்கு முன் நாம் கேளம்பாக்கத்துக்கு அடுத்த ஓர் இருளர் குடியிருப்புக்குப் போயிருந்தோம். கணினிக் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் அங்கிருந்து பார்த்தால் தெரிகின்றன. அந்தக் கட்டடங்களின் விளக்கு வெளிச்சம் ராத்திரியில் இவர்கள் குடிசை வரையில் வருகிறது என்று சொன்னார்கள். மற்றது ஒன்றும் வரவில்லை. ஒரு பெண், பதினெட்டு வயதிருக்கும், வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்து கொண்டிருந்தாள்.

“ஏம்மா, படித்தாயா?” என்று கேட்டோம்.

“பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டேன் அய்யா. காலேஜில ஜாதி சர்ட்டிபிகேட் கேட்டாங்க. எங்ககிட்ட இல்ல” என்றாள்.

அவள் தகப்பனார் பக்கத்தில் நின்று கொண்டிருந்தார். “விசாரணைக்கு வந்தாங்க அய்யா. இவளைப் பார்த்தாங்க. பாம்பு பிடிக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிச்சு. எலி திங்கிறியான்னு கேட்டாங்க. பொண்ணு அழுதுடுச்சு. இவ இருளர் மாதிரி இல்லியேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு” என்றார்.

தோழர்களே! இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். மற்ற ஜாதியாருக்கு சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார். பழங்குடிகளுக்கு மட்டும் கோட்டாட்சியர் விசாரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பொய்ச் சான்றிதழ் வாங்குகிறவர்களைத் தடுப்பதற்கு இது அவசியம் என்று சொல்லுகிறார்கள். பொய்யைத் தடுக்கட்டும், நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நடப்பது என்ன? படித்துச் சுத்தமான துணி உடுத்தியவள் இருளர் மாதிரி இல்லையாம். அழுக்கும் அறியாமையும் இருந்தால்தான் இருளராம்! அதாவது படித்தால் இருளர் அல்ல. இருளராயிருந்தால் படிக்க முடியாது. தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதே 100க்கு 1 இடம். அந்த ஓர் இடத்துக்கும் வாசற்படியில் ஒரு பாம்பை விட்டுப் பிடிக்கச் சொல்லுகிற யோக்கியதையை என்னவென்று சொல்லுவது? அய்யர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, “உனக்கு வேதம் தெரியுமா? தெரியாவிட்டால் நீ பார்ப்பானல்ல” என்று எந்த உத்தியோகஸ்தராவது கேட்டதுண்டா?

இனி, இவ்விஷயத்தில் புத்தி சொல்லுகிறவர்கள் இரண்டு வகையாய் இருக்கிறார்கள். ஒரு சாரார், “பழங்குடிகளின் பழக்க வழக்கம் எல்லாம் காட்டுமிராண்டித்தனம், அவற்றை அடியோடு மறக்கடித்து, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்தால்தான் முன்னேறுவார்கள்” என்கிறார்கள். இதை வெள்ளைக்காரர் செய்து பார்த்தாய் விட்டது. கானடா தேசத்தில் நூறு வருஷத்துக்கு மேல், சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளைப் பாதிரிமார் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்து வந்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கேயே செத்தன. கடைசியில் 2008 ஆம் வருஷத்தில் அந்த தேசத்துப் பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் ஆஸ்திரேலியாவிலும் இப்படிப் பிடித்துக் கொண்டு போகப்பட்ட பிள்ளைகளுக்காக சர்க்கார் மன்னிப்புக் கேட்டார்கள். தன் தாயையும் தகப்பனையும் பார்த்து வெட்கப்படும்படி ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது கல்வியல்ல. அது சுயமரியாதையைக் கொல்லுகிற வேலை.

மற்றொரு சாரார், “ஐயோ, அந்தப் பழங்குடிகளின் அழகான வாழ்க்கையைக் கெடுக்காதீர்கள், அவர்கள் காட்டில் சந்தோஷமாய் இருக்கிறார்கள், படிப்பு வந்தால் பண்பாடு போய்விடும்” என்று உருகுகிறார்கள். இப்படிச் சொல்லுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை மட்டும் காட்டுக்கு அனுப்புவதில்லை, அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். அடுத்தவன் பட்டினியைப் பண்பாடு என்று புகழுகிற இந்தப் பெரியவர்களிடத்தில் நமக்குக் கொஞ்சமும் நம்பிக்கையில்லை. அன்றியும் இருளர்களுக்குக் காடு எங்கே இருக்கிறது? கேளம்பாக்கத்தில் காடு இருந்த இடத்தில் இப்போது மனைக்கட்டு இருக்கிறது. தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த தொழிலும், 1972 ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்கும் அதன் பின் வந்த ஏற்றுமதித் தடைக்கும் பிறகு நின்று போயிற்று. அந்தத் தோலைச் சீமைக்கு ஏற்றுமதி செய்து பணம் சேர்த்த வியாபாரி வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டான். கடப்பாரையோடு நின்றவன் நடுத்தெருவில் நின்றான். இப்போது கூட்டுறவுச் சங்கத்திலும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அனுமதி கொடுப்பது வனத்துறைதான். அனுமதி தாமதமானால் வருமானமில்லை. ஆகவே பழைய வாழ்வையே வாழச் சொல்லுகிறவர்கள், இல்லாத வீட்டுக்குப் போய்க் குடியிருக்கச் சொல்லுகிறார்கள்.

“அப்படியானால் இருளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பரம்பரை அறிவைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிறீர்களா? அது குலக்கல்வியல்லவா?” என்று நம் தோழர்களே சிலர் கேட்கக் கூடும். கேட்பது நியாயம். 1953 ஆம் வருஷத்தில் இராஜகோபாலாச்சாரியார் இந்த ராஜ்யத்தின் முதல் மந்திரியாயிருந்து, பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடத்திலும் அரை நாள் தகப்பன் தொழிலிலும் இருக்க வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டு வந்ததும், நாமெல்லோரும் பெரியார் தலைமையில் அதை எதிர்த்துக் கிளம்பியதும், 1954 இல் அவர் பதவியை விட்டுப் போய்க் காமராசர் வந்து அத்திட்டம் ஒழிந்ததும் யாவரும் அறிந்ததே. அந்தக் கிளர்ச்சி சரியானது என்பதில் நமக்கு இன்றைக்கும் ஒரு அணுவளவும் சந்தேகமில்லை. ஆகவேதான் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லுகிறோம்.

இருளர் பிள்ளைக்குப் பாம்பும், அய்யர் பிள்ளைக்குக் கணக்கும் என்றால் அது குலக்கல்வி. இரண்டு பிள்ளைகளையும் ஒரே பலகையில் உட்கார வைத்து, இருவருக்கும் கணக்கையும் சொல்லிக் கொடுத்து, பாம்பையும் சொல்லிக் கொடுத்தால் அதுதான் கல்வி. கண்ணாடி விரியன் எது, அது எந்த மாதத்தில் எங்கே கிடக்கும், கடித்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்கிற விஷயம், வருஷம் 58,000 பேரை பாம்புக்குக் கொடுக்கிற ஒரு தேசத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிய வேண்டாமா? இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க வடநெம்மேலிச் சங்கத்து இருளரைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, மற்ற வாத்தியார்களுக்குச் சமமாக நடத்தினால் என்ன குடி முழுகிப் போகும்? தன் தகப்பன் வாத்தியாராக வந்து நிற்பதைப் பார்க்கிற இருளர் பிள்ளை அதற்குப் பிறகு கடைசிப் பலகையில் தலைகுனிந்து உட்காராது. அதே சமயம் அந்தப் பிள்ளை டாக்டராகவும், என்ஜினீயராகவும், அந்தக் கோட்டாட்சியர் நாற்காலியில் உட்காருகிறவளாகவும் ஆவதற்கு ஒரு தடையும் இருக்கக் கூடாது. அறிவு எல்லோருக்கும் பொது. தொழில் அவனவன் இஷ்டம். இதுதான் நமது கொள்கை.

சர்க்கார் பழங்குடிப் பிள்ளைகளுக்காக ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்கிறார்கள். இந்திய சர்க்கார் 1997–98 முதல் பழங்குடிகளுக்கென்று உறைவிடப் பள்ளிகள் வைத்து வருகிறார்கள். அவற்றுக்கு வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? ஏகலைவன் பெயர்! வேடர் குலத்துப் பிள்ளை தானாகவே வில்வித்தை கற்றுக் கொண்டான் என்பதற்காக, துரோணன் என்கிற பார்ப்பனக் குரு கட்டை விரலை வெட்டி வாங்கிக் கொண்டான் என்பது அந்தக் கதை. சரி, விரலைக் கொடுத்தவன் பெயரைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்தார்கள் என்றே வைத்துக் கொள்ளுவோம். விரலை வாங்கினவனை என்ன செய்தார்கள்? விளையாட்டுக் கற்றுக் கொடுப்பதில் சிறந்த குருமார்களுக்கு 1985 ஆம் வருஷத்திலிருந்து இதே சர்க்கார் கொடுத்து வருகிற விருதுக்குத் துரோணாச்சாரியார் விருது என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! வெட்டினவனுக்கு விருது, வெட்டுப்பட்டவனுக்குப் பள்ளிக்கூடப் பலகை. சான்றிதழ் இல்லையென்று வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்ணிடமிருந்து இக்காலத்துத் துரோணர்கள் வாங்கிக் கொண்டதும் கட்டை விரல்தான். கத்திக்குப் பதிலாக ஒரு விசாரணைக் காகிதம் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி இருளர் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறோம். உங்களைப் புகழ்ந்து விட்டுப் போவது நமது வேலையல்ல. உங்களிடத்தில் உள்ள அறிவில் சோதனைக்கு நிற்பதும் உண்டு, நிற்காததும் உண்டு. தடம் பார்க்கிற அறிவு நிற்கிறது. செடி கொடிகளின் குணம் பற்றிய அறிவில் எவ்வளவோ நிற்கலாம். தண்டரையில் உங்கள் பெண்கள் சங்கம் வைத்து மூலிகைகளை வளர்த்துப் பாதுகாத்து வருவதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் நாகமோ விரியனோ கடித்து விட்டால் பச்சிலையையும் மந்திரத்தையும் நம்பிக் கொண்டு உட்காராதீர்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்த விஷத்தினால் ஆன மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அதற்கு ஓடுங்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கூடுகிறீர்கள். உறவினரைப் பார்ப்பதும், பெண் கொடுப்பதும் எடுப்பதும், ஆடிப் பாடுவதும் நல்ல காரியங்களே; சிதறிக் கிடக்கிற ஜனங்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒன்றாய்ச் சேருவதை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் இத்தனை வருஷமாய்க் கும்பிட்ட கன்னியம்மாள், கொத்தடிமையாய்க் கிடந்தவர்களை மீட்டாளா? ஒரு பிள்ளைக்காவது சான்றிதழ் வாங்கிக் கொடுத்தாளா? நீங்களே யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பேர் கூடுகிற அந்த இடத்தில் ஒரு மேஜையைப் போட்டு, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளின் பெயரையும் சான்றிதழ் இல்லாதவர்களின் பெயரையும் எழுதினால், அந்தப் பட்டியலுக்கு உள்ள சக்தி எந்தத் தெய்வத்துக்கும் கிடையாது.

கடைசியாக, நம் சொந்த ஆட்களிடம் பேச வேண்டும். 2021 ஆம் வருஷம் மாமல்லபுரம் கோவிலில் அன்னதானத்துக்குப் போன நரிக்குறவப் பெண் ஒருவர், பந்தியில் உட்கார விடாமல் தம்மைத் துரத்தினார்கள் என்று சொன்ன வார்த்தை ஊரெல்லாம் பரவிற்று. உடனே மந்திரி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சில தினங்களில் முதல் மந்திரியே பூஞ்சேரிக்கு வந்து, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் ஜாதிச் சான்றிதழும் கொடுத்துப் போனார். இதை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் இதிலிருந்து ஒரு விஷயம் நன்றாய் விளங்குகிறது. முதல் மந்திரி வருகிற ஊருக்குச் சில நாளில் கிடைக்கிற காகிதம், முதல் மந்திரி வராத ஊருக்கு வருஷக்கணக்கில் கிடைக்கவில்லை என்றால், குறை சட்டத்தில் இல்லை, மனதில் இருக்கிறது. அந்த மனதுக்கு நாமும் வெளியில் இல்லை. நம் கூட்டங்களில் ஜாதி ஒழிய வேண்டும் என்று கை தட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஓர் இருளர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோம்? வயலில் எலி பிடிக்கக் கூப்பிட்ட இருளருக்கு எத்தனை பேர் திண்ணையில் இடம் கொடுத்தோம்? பார்ப்பானிடம் சமத்துவம் கேட்கிற வாய், இருளரைப் பார்த்து “டேய்” என்று கூப்பிடுகிற வரையில் அந்த சமத்துவத்துக்கு என்ன மதிப்பு?

1929 ஆம் வருஷம் பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது இந்தச் செங்கற்பட்டில்தான். ஜாதிப் பட்டத்தை விட வேண்டும், பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்துரிமை சமமாக வேண்டும் என்று அங்கே தீர்மானம் செய்தார்கள். அந்த மாநாட்டுப் பந்தலுக்கு ஒரு நாள் நடைத் தூரத்தில் இருக்கிற குடிசைகளில் இன்னும் முதல் தலைமுறைப் பிள்ளைதான் எழுத்துப் படிக்கிறது என்பது நமக்குப் பெருமை தருகிற விஷயமல்ல. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா. கல்விமணி முதலியவர்கள் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வைத்து, பொய் வழக்குகளை எதிர்த்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தும் வேலை செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது இவைதான். விண்ணப்பம் கொடுத்த இருளரை அலுவலகத்துக்கு அலையவிடாமல், அதிகாரிகள் குடியிருப்புக்கே வந்து, பெற்றோரையும் உறவினரையும் விசாரித்து, இத்தனை நாளுக்குள் என்று ஒரு கெடு வைத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பாம்பு பிடி, எலி தின் என்று கேட்கிற உத்தியோகஸ்தரின் பேரில் நடவடிக்கை எடுக்க வேண்டும். செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் குடும்பத்தோடு போகிற பிள்ளைகளுக்குப் போகிற இடத்திலேயே பள்ளிக்கூடம் வேண்டும். பாம்பையும் பாம்புக் கடியையும் பற்றிய பாடம், இருளரை ஆசிரியராகக் கொண்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

சர்க்கார் செய்கிறவரையில் நாம் காத்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. கேளம்பாக்கம், திருப்போரூர், தாம்பரம் பக்கத்துத் தோழர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலைப் பார்க்கப் போகிற பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசில், தங்கள் ஊருக்கு அடுத்த இருளர் குடியிருப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போக வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறோம். போய், அவர்களுக்கு உபதேசம் செய்ய வேண்டாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் படிக்கிறார்கள், யாருக்குச் சான்றிதழ் இல்லை என்று எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை அவர்களோடு கூடக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து போங்கள். அவர்கள் தனியாகப் போனால் வெளியில் நிறுத்துவார்கள். நாலு பேர் கூட நின்றால் உள்ளே கூப்பிடுவார்கள். புற்றுக்கு ஊற்றுகிற ஒரு படி பாலின் கிரயம், ஒரு பிள்ளைக்கு நோட்டும் பென்சிலும் வாங்கப் போதும்.

அந்தப் பெண் இன்னும் விறகு பிளந்து கொண்டுதான் இருக்கிறாள். அவள் பெயர் நமது நோட்டில் முதல் பெயராக இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாம் அங்கே இருப்போம்.